கடைசி வீரரும் போன பிறகு ஒன்றுகூடல் யாருக்காக? 617ஆம் படையணியும் மே மாத வார இறுதியும்

வாசகர் ஒருவரின் கேள்வி, 2023 மே 13

பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆம் படையணியில், 1943 மே மாதம் ஜெர்மானிய அணைகளைத் தாக்கப் பறந்தவர்களுள் கடைசி மனிதரும் போன டிசம்பரில் இறந்துவிட்டார். ஆனாலும் இந்த மே மாதமும் ஒன்றுகூடல், நினைவேந்தல் என்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டமே திரள்கிறது. கூடவேண்டியவர்கள் ஒருவர்கூட இல்லாதபோது அதற்கு ஒன்றுகூடல் என்று பெயர் வைப்பது பொருந்துமா? அது வெறும் சுற்றுலாதான் என்பது என் கருத்து. அந்தப் பக்கம் வசிப்பவர்கள் மறுக்கலாம்.

மே 14, இரவு 9.40

அந்தப் பக்கம் வசிப்பவன் நான். 2006 முதல் லிங்கன்ஷயரில் ஒரு மருத்துவமனையின் முதியோர் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மறுப்பதற்கு வந்தேன், எழுத உட்கார்ந்தபோது பாதி உங்கள் பக்கமே சாய்கிறேன்.

இந்தப் படையணியைப் பற்றி அறியாதவர்களுக்காக: 1943 மே 16ஆம் தேதி இரவு, லிங்கன் நகருக்கு வடக்கே உள்ள ஸ்காம்ப்டன் தளத்திலிருந்து 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் 133 பேருடன் கிளம்பின. ரூர் தொழிற்பகுதிக்கு நீரும் மின்சாரமும் தந்த மோனெ, சோர்ப்பெ அணைகளும், அவற்றுக்குக் கிழக்கே இருந்த ஏடர் அணையும் முக்கிய இலக்குகள். மோனெயும் ஏடரும் உடைந்தன. மண் அணையான சோர்ப்பெ சேதத்தோடு தப்பியது. 8 விமானங்கள் திரும்பவில்லை. 56 பேர் இறந்தார்கள். தலைமை தாங்கிய விமானி கய் கிப்சனுக்கு அப்போது வயது 24.

நீங்கள் குறிப்பிடும் கடைசி மனிதர் ஜானி ஜான்சன். இந்த மாவட்டத்திலேயே ஹேமரிங்ஹம் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஜோ மெக்கார்த்தி என்ற அமெரிக்கரின் விமானத்தில் குண்டை விடுவிக்கும் பொறுப்பு அவருடையது. சோர்ப்பெ அணையின் மேல் 9 முறை பறந்தும் கோணம் சரியாக அமையவில்லை என்று விடாமல் இருந்து, 10ஆவது முறைதான் விட்டார். அதுவரை அந்த விமானத்தின் பின்முனைத் துப்பாக்கியாளர் என்ன மனநிலையில் இருந்திருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். ஜான்சன் 2022 டிசம்பர் 7 அன்று, 101 வயதில் மறைந்தார்.

சுற்றுலா என்று நீங்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஒன்றுகூடல் நடக்கும் ஊரான வுட்ஹால் ஸ்பாவில் அந்த நாள்களில் அறை கிடைக்காது. தேநீர்க் கோப்பை முதல் சாவிக்கொத்து வரை எல்லாவற்றிலும் லங்காஸ்டர் பறக்கும். ஆனால், வீரர்கள் உயிரோடு இருந்தபோதும் அது சுற்றுலாவாகத்தான் இருந்தது. அப்போதும் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த இரவில் பறக்காதவர்களே. ஆகவே ஆள் தீர்ந்துவிட்டது என்பதை மட்டும் காரணமாகக் காட்டமுடியுமா என்பது என் ஐயம்.

மே 14, இரவு 11.15

பிழை செய்துவிட்டேன். 8 விமானங்கள், விமானத்துக்கு 7 பேர் என்று வாய்ப்பாட்டைப் போட்டு 56 என எழுதினேன். இறந்தவர்கள் 53 பேர். மூன்று பேர் உயிர் தப்பிச் சிறைப்பட்டார்கள்.

இந்தத் தவற்றை நான் மட்டும் செய்யவில்லை என்பது ஓர் ஆறுதல். மறுநாள் ஸ்காம்ப்டனிலிருந்து 56 குடும்பங்களுக்கும் தந்தி போயிற்று. அந்த மூவரும் உயிரோடு இருப்பது தெரியவரும் வரை மூன்று வீடுகள் செய்தி தெரியாமல் தவித்திருக்கின்றன.

மே 15, மாலை 6.05

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். அதை எழுதாமல் இந்தக் கேள்விக்கு என்னால் நேர்மையாகப் பதில் சொல்லமுடியாது.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, எங்கள் பிரிவுக்கு ஒரு முதியவர் வந்தார். 617 அல்ல, இம்மாவட்டத்தில் இருந்த வேறொரு குண்டுவீச்சுப் படையணியில் தரைப் பணியாளராக இருந்தவர். விமானத்தில் குண்டு ஏற்றுவது அவருடைய வேலை. இரவு மாத்திரை கொடுக்கப் போகும்போது தூங்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். எதை உற்றுக் கேட்கிறீர்கள் என்று ஒருமுறை விசாரித்தேன். எண்ணுகிறேன் என்றார். திரும்பி வரும் விமானங்களை ஒலியை வைத்து எண்ணிப் பழகிய காது அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வேலையை விடவில்லை.

புறப்படும் முன் விமானத்தைத் தரைப் பணியாளர்களிடமிருந்து பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக விமானி ஒரு படிவத்தில் கையெழுத்திடவேண்டும். படிவம் 700 என்று பெயர். 1944இல் ஒருநாள் மாலை, அவருடைய விமானி கையெழுத்திடப் பென்சில் வாங்கினான், அவசரத்தில் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டான், திரும்பி வரவில்லை. "ஒவ்வோர் ஆண்டும் ஒன்றுகூடலுக்குப் போவது அந்தப் பென்சிலைக் கேட்கத்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவருடைய படையணியின் சங்கம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கலைக்கப்பட்டிருந்தது. சண்டையோ மனக்கசப்போ காரணமில்லை. அணிவகுப்பில் சங்கக் கொடியைத் தூக்கி நிற்கும் அளவுக்குத் தோளில் வலுவுள்ள உறுப்பினர் ஒருவரும் மிஞ்சவில்லை. கொடியை ஓர் ஊர்த் தேவாலயத்தில் ஒப்படைத்துவிட்டுக் கணக்கை முடித்துவிட்டார்கள். அதன் பிறகும் அந்த நாளில் மகளை வண்டி ஓட்டச் சொல்லி, இப்போது கோதுமை வயலாகிவிட்ட ஓடுதளத்தின் ஓரத்தில் போய் நின்றுவிட்டு வருவாராம். ஒருவர் மட்டும் போய் நிற்பதற்கு ஒன்றுகூடல் என்று பெயர் வைக்கலாமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

மே 15, இரவு 10.20

"அணையைக் குண்டு போட்டு உடைக்க விமானம் ஏன் அவ்வளவு தாழ்வாகப் பறக்கவேண்டும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

குளத்தில் தட்டைக் கல்லை வீசித் தவளை விட்டிருக்கிறீர்களா? பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் செய்ததும் அதுதான். கல்லின் எடை மட்டும் 4 டன்னுக்கு மேல். அணைக்கு முன்னால் நீருக்குள் வலை கட்டியிருந்ததால் நீர்மூழ்கிக் குண்டுகள் பயன்படா. ஆகவே பீப்பாய் வடிவக் குண்டை, நிமிடத்துக்கு 500 சுற்றுப் பின்சுழற்சியோடு, 60 அடி உயரத்திலிருந்து விட்டால், அது நீரின் மேல் துள்ளி வலையைத் தாண்டி, அணைச் சுவரில் முட்டி, சுவரை ஒட்டியே கீழிறங்கி ஆழத்தில் வெடிக்கும். இரவில் 60 அடியை எப்படி அளப்பது? விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைச் சாய்த்துப் பொருத்தி, இரண்டு ஒளிவட்டங்களும் நீரின்மேல் ஒன்றுசேரும்போது உயரம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். அந்த விளக்குகள் விமானிக்கு உயரத்தைக் காட்டியதைப் போலவே எதிரியின் பீரங்கிக்கு விமானத்தையும் காட்டின.

நம் அளவுகோலில் சொன்னால், மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அதில் பாதி உயரத்தில் நான்கு எஞ்சின் விமானம், இருட்டில், மணிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வேகத்தில்.

அணைகளின் அளவையும் கேட்டிருக்கிறீர்கள். மோனெயின் கொள்ளளவு 13.4 கோடி கன மீட்டர், டி.எம்.சி. கணக்கில் சுமார் 4.7. ஏடர் சுமார் 7.1. மேட்டூரோ 93.47. மோனெயைப்போல் ஏறக்குறைய 20 அணைகளை மேட்டூரில் அடக்கிவிடலாம். நான் டெல்டாக்காரன், ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா திறக்காதா என்ற பேச்சிலேயே வளர்ந்தவன். முதன்முதலில் இந்த எண்ணைப் பார்த்தபோது, இவ்வளவு சிறிய அணையா என்றுதான் தோன்றியது. அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மே 16, இரவு 11.30

இன்றோடு 80 ஆண்டுகள். மாலையில் கோனிங்ஸ்பி தளத்திலிருந்து லங்காஸ்டர் கிளம்பி, இம்மாவட்டத்தின் பழைய குண்டுவீச்சுத் தளங்களின் மேல் சுற்றிவந்தது. நான் பணி முடிந்து வாகன நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். உலகில் இன்னும் பறக்கும் ஒரே லங்காஸ்டர் அது. ஒலி முதலில் காதுக்கு வருவதில்லை. நெஞ்சுக்கூட்டில் வந்து அதிர்கிறது.

2018இல் 75ஆவது ஆண்டுக்கு, அவர்கள் பயிற்சி செய்த டெர்வென்ட் அணையின் மேல் இந்த விமானம் பறப்பதாக இருந்தது. காற்று பலமாக வீசியதால் அதை விடவில்லை. டைஃபூன் போர்விமானம் பறந்தது. காற்றுக்குப் பயந்து அந்தக் காலத்தில் நின்றிருப்பார்களா என்று அப்போது பலர் கேலி பேசினார்கள். 7,377 செய்யப்பட்ட காலத்தில் ஒன்று போனால் இன்னொன்று வரும், இப்போது அப்படியல்ல. கேலி பேசியவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மே 17, காலை 7.10

வுட்ஹால் ஸ்பாவில் என்னதான் இருக்கிறது என்று கேட்ட அம்மையாருக்கு.

தாக்குதல் கிளம்பியது ஸ்காம்ப்டனிலிருந்துதான் என்றாலும், 1944 ஜனவரி முதல் படையணி வுட்ஹால் ஸ்பாவில் இருந்தது. பெட்வுட் என்ற விடுதி அதிகாரிகளின் உணவகமாகவும் தங்குமிடமாகவும் இருந்தது. அந்த விடுதியின் மதுக்கூடம் இன்றும் படையணியின் பெயரிலேயே நடக்கிறது. ஊரின் நடுவில் நினைவுச்சின்னம்; 1987 மே 17 அன்று திறக்கப்பட்டது. உடைந்த அணையின் வடிவில் கட்டியிருக்கிறார்கள். நடுவில் பிளவு, பெயர்கள் கற்பலகைகளில்.

2011இல் முதன்முதலாக அங்கே போனேன். சக்கர நாற்காலிகளில் முதியவர்கள், மடியில் கம்பளி, அதன்மேல் பதக்கங்கள். மலர்வளையம் வைத்தார்கள், கொம்பு ஊதினார்கள், மௌனம் காத்தார்கள். பெரிய சடங்கு ஒன்றும் இல்லை. அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பலகையில் இருக்கும் 200க்கும் மேற்பட்ட பெயர்களில் அணைத் தாக்குதலில் இறந்தவர்கள் 53 பேர்தான். மற்றவர்கள் அதற்குப் பின்னர் இறந்தவர்கள். அந்த இரவில் உயிரோடு திரும்பிய 77 பேரில் 32 பேர் போர் முடிவதற்குள் இறந்தார்கள். மோனெயை உடைத்த குண்டை விட்ட டேவிட் மால்ட்பி நான்கே மாதத்தில், தம் குழுவோடு, கடலில் விழுந்தார். கிப்சன் 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஸ்டேன்பெர்கனில் விழுந்தார்; அங்கேயே புதைக்கப்பட்டார். 133 பேரில் போரைத் தாண்டியவர்கள் 48 பேர் மட்டுமே.

ஆகவே கேள்வி கேட்ட நண்பருக்கு: ஒன்றுகூட ஆளில்லாத நிலை 2022இல் வந்ததல்ல. 1945இல் முதல் முறை கூடியிருந்தால்கூட மூன்றில் இரண்டு நாற்காலிகள் காலியாகத்தான் இருந்திருக்கும்.

மே 17, மாலை 5.50

நாயைப் பற்றி நான் எழுதாமல் தப்பிக்கிறேன் என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். தப்பிக்கத்தான் பார்த்தேன்.

கிப்சனுக்கு ஒரு கறுப்பு லாப்ரடார் நாய் இருந்தது. தாக்குதலுக்குச் சற்று முன்பு வாகனம் மோதி இறந்தது; ஸ்காம்ப்டனில் அவருடைய அலுவலகத்துக்கு வெளியே புதைத்தார்கள். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்றுதான் அதன் பெயர். மோனெ உடைந்ததும் வானொலியில் அனுப்பிய குறிச்சொல்லும் அதுவே. 2020 ஜூலையில் விமானப்படை கல்லறைக் கல்லை மாற்றி, பெயரில்லாத கல்லை வைத்தது. வரலாற்றை அழிக்கிறார்கள் என்று இங்கே பெரும் கூச்சல்.

என்னுடைய அனுபவம் ஒன்று. ஒரு மே மாத வார இறுதியில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் பக்கத்து மேசைக்காரர், நல்லவர்தான், அணைத் தாக்குதலைப் பற்றி எனக்கு உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார். நாய்க் கதைக்கு வந்ததும் அந்தப் பெயரை உச்சரித்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சர்க்கரையைத் தேடத் தொடங்கினார். மேசையில் சர்க்கரை இருந்தது. அன்று அவரைவிட நான்தான் அதிகம் கூச்சப்பட்டேன். ஏன் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. கல்லை மாற்றியது சரி என்பது என் தீர்ப்பு. அந்தப் பெயரைச் சொல்லாவிட்டால் 53 பேரின் நினைவு குறைந்துவிடும் என்று யாராவது நம்பினால், அந்த நினைவு மிக மெலிந்த கிளையில் உட்கார்ந்திருக்கிறது.

மே 18, இரவு 10.45

அணை சிறியது என்று எனக்குத் தோன்றியது தவறு என்றேன். அதை எழுத மூன்று நாள் தள்ளிப்போட்டுவிட்டேன்.

2019இல் மோனெ அணைக்குப் போயிருந்தேன். அழகான இடம். படகுகள், பனிக்கூழ், அணையின் மேல் நடக்கும் குடும்பங்கள். உடைந்தபோது 70 மீட்டருக்கும் அதிக அகலத்தில் திறந்த வாய் இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. 1943 செப்டம்பருக்குள்ளேயே ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைக் கொண்டுவந்து அடைத்துவிட்டார்கள். கீழே பள்ளத்தாக்கில் ஹிம்மல்போர்டன் என்ற பழைய மடாலயத் தேவாலயம் இருந்த இடம் இருக்கிறது. விண்ணகத்தின் வாயில் என்று அந்தப் பெயருக்குப் பொருள். வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது.

இன்னும் கீழே நெய்ஹைம். அங்கே ஆற்றங்கரையில் மரக் குடில்களாலான ஒரு முகாம். ஆலைகளில் வேலை செய்யப் பிடித்துக்கொண்டு வரப்பட்ட பெண்கள், பெரும்பாலும் உக்ரைன் நாட்டவர், அடைக்கப்பட்டிருந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு நீர் வந்தது. அந்த இரவு வெள்ளத்தில் இறந்தவர்கள் மொத்தம் 1,300 முதல் 1,600 பேர் வரை என்று கணக்கிடுகிறார்கள். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஜெர்மானியர்களே அல்லர், கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட அயலவர்கள். எந்த ஆட்சியை வீழ்த்த அந்த 19 விமானங்கள் போயினவோ அதே ஆட்சியின் கைதிகள்.

வுட்ஹால் ஸ்பாவின் கல் உடைந்த அணையின் வடிவில் இருக்கிறது என்று நேற்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டேன். அந்தப் பிளவின் வழியே போன நீர் எங்கே போயிற்று என்பதைப் பற்றி 2011இல் அங்கே நின்றபோது எனக்கு ஓர் எண்ணமும் எழவில்லை.

மே 19, மாலை 4.30

மூன்று பேர் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் "உங்களுக்கு ஹிட்லர்மேல் இரக்கமா?" என்றே கேட்டுவிட்டார்.

இல்லை. அணைகளைத் தாக்கியது போர்க்கால நியாயத்துக்குப் புறம்பானது என்று நான் சொல்லவில்லை. வெள்ளம் பாயும் வழியில் இருக்கும் மக்களைக் கருதி அணைகளைத் தாக்கக்கூடாது என்ற விதியே 1977ஆம் ஆண்டு ஜெனீவா கூடுதல் நெறிமுறையின் 56ஆவது பிரிவில்தான் எழுதப்பட்டது. 1943இல் 21 வயதுப் பையன் ஒருவன் இருட்டில் 60 அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கும்போது, நெய்ஹைமில் ஒரு முகாம் இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

வாலிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பாதவர்களின் எண்ணிக்கை தெரிந்ததும் மனமுடைந்து போனார். போருக்குப் பின் தம் கண்டுபிடிப்புகளுக்காகக் கிடைத்த 10,000 பவுண்டை, விமானப்படையில் இறந்தவர்களின் பிள்ளைகள் படிக்கத் தாம் படித்த பள்ளிக்கே கொடுத்துவிட்டார். நியூசிலாந்தின் லெஸ் மன்ரோ அந்த இரவில் நெதர்லாந்துக் கரையிலேயே அடிபட்டு, குண்டை விடாமல் திரும்ப நேர்ந்தவர். 2015இல், 96 வயதை நெருங்கும்போது, லண்டன் கிரீன் பார்க் நினைவகத்தின் பராமரிப்புக்காகத் தம் பதக்கங்களை ஏலத்துக்கு விட முன்வந்தார். வேறொரு கொடையாளர் பணம் கொடுத்ததால் பதக்கங்கள் ஆக்லாந்தில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அதே ஆகஸ்டில் மன்ரோ இறந்தார்.

அந்த நினைவகமே 2012இல்தான் எழுந்தது. குண்டுவீச்சுப் பிரிவில் இறந்த 55,573 பேருக்கு நாடு 67 ஆண்டுகள் தாமதமாகத்தான் கல் நட்டது. கீழே எரிந்த நகரங்களின் நினைவு அரசியல்வாதிகளைக் கூச வைத்தது. கோபப்படுவதற்கு உங்களைவிட உரிமையுள்ளவர்கள் அந்த முதியவர்கள். ஆனால் கிரீன் பார்க் கல்லில், குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் ஒரு வரி இருக்கிறது. நான் கேட்பதும் அந்த ஒரு வரியைத்தான்.

மே 20, இரவு 8.00

இந்த வார இறுதிகளில் நமக்கு என்ன வேலை என்று கேட்டவருக்குச் சின்னத் தகவல். கிளைக்கதை போலத் தோன்றும், அல்ல.

பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் படையணியின் முழுப்பெயர் 264 (மெட்ராஸ் பிரசிடென்சி) படையணி. 79, 234 ஆகியவற்றுக்கும் அதே அடைமொழி. நம் மாகாணத்தில் திரட்டிய நன்கொடைக்கான நன்றி அது. 264இன் விமானம் டிஃபையன்ட். சுடும் துப்பாக்கிகள் நான்கும் விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் இருந்தன, முன்பக்கம் ஒன்றும் கிடையாது. எதிரிக்கு அது தெரிந்ததும் கதை முடிந்தது. 1940 ஆகஸ்ட் கடைசி வாரத்தில், தலைவர் பிலிப் ஹன்டர் உட்படப் பலரை இழந்துவிட்டு, மிஞ்சியவர்கள் ஓய்வுக்குத் திரும்பிய தளம் இதே லிங்கன்ஷயரின் கர்ட்டன் இன் லின்ட்சி.

பணம் கொடுத்த நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு முன்பக்கத் துப்பாக்கி இல்லாத செய்தி தெரிந்திருக்கும்! ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு இறந்த அந்த இளைஞர்களுக்குச் சென்னையில் ஒரு பூ வைக்க யாரும் கூடுவதில்லை. ஆளில்லாத ஒன்றுகூடல் என்று 617ஐக் கேலி செய்யும் முன் இதையும் யோசித்தேன்.

மே 21, இரவு 9.20

லிங்கன் பேராலயத்தில் விமானப்படையினருக்கென ஒரு சிற்றாலயம் இருக்கிறது. இம்மாவட்டத் தளங்களில் இருந்து பறந்து இறந்த, குண்டுவீச்சுப் பிரிவின் 1ஆம், 5ஆம் குழுக்களைச் சேர்ந்த 25,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைத் தாங்கிய ஏடுகள் அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. இன்று பணி இல்லாததால் போயிருந்தேன். நின்று படித்தபோது அப்பாவின் நினைவு வந்தது.

ஆடி அமாவாசைக்கு அப்பா திருவையாற்றுக்குப் போய்த் தர்ப்பணம் கொடுப்பார். தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையோடு பெயர்கள் முடிந்துவிடும். அதற்குமேல் கேட்டால், "அதுக்கு மேல நமக்கே பேர் தெரியாதுடா" என்பார். எனக்கு அது நியாயமான அளவாகப்பட்டது, இன்றும் படுகிறது. 1943இல் இறந்த 22 வயது இளைஞனுக்குப் பிள்ளைகளே இல்லை. அவனுடைய அண்ணன் தம்பிகளின் பேரப்பிள்ளைகள்தாம் இப்போது வுட்ஹால் ஸ்பாவில் மலர் வைக்கிறார்கள். நம் கணக்குப்படி இன்னும் ஒரு தலைமுறை பாக்கி இருக்கிறது. நண்பரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: இன்னும் காலம் முடியவில்லை.

ஆனால் தர்ப்பணத்தின் கடைசியில் இன்னொரு கை நீர் உண்டு. தாயும் தகப்பனும் உறவும் கோத்திரமும் இல்லாதவர்களுக்கு என்று சொல்லி விடுவார்கள். சிறுவயதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. யாரென்றே தெரியாதவருக்கு எதற்கு நீர் என்று கேட்டு, கரையில் நின்ற சாஸ்திரிகளிடம் ஒரு முறைப்பு வாங்கியிருக்கிறேன். நெய்ஹைம் முகாமின் பெண்களுடைய ஊர்களுக்குத் தந்தி போகவில்லை. மே வார இறுதிச் சடங்கில் இல்லாதது அந்தக் கடைசிக் கை நீர். 18ஆம் தேதி எழுதும்போது எனக்கு இருந்தது கோபம். இன்று பேழைக்கு முன்னால் நிற்கும்போது அது இல்லை. இரண்டையும் ஒரே காலையில் செய்துவிடலாமே என்றுதான் தோன்றியது.

மே 22, காலை 6.30

நேற்று "இன்னும் ஒரு தலைமுறை பாக்கி" என்று தீர்ப்பு வழங்கியதைத் திரும்பப் படித்தேன். பஞ்சாயத்துத் தலைவர் போல எழுதியிருக்கிறேன். அண்ணன் தம்பியின் பேரனுக்கு அந்தக் கணக்கு பொருந்துமா என்று எந்தச் சாஸ்திரிகளும் என்னிடம் சொல்லவில்லை. கணக்கைத் திரும்பப் பெறுகிறேன். கடைசிக் கை நீரைத் திரும்பப் பெறவில்லை.

மே 24, மதியம் 1.15

இன்னொரு திருத்தம். பறக்கும் ஒரே லங்காஸ்டர் எங்களுடையது என்று 16ஆம் தேதி எழுதியதைக் கனடாவில் இருக்கும் நண்பர் விடவில்லை. ஒன்டாரியோவின் ஹாமில்டனில் இன்னொன்று பறக்கிறது. வெட்கம் என்னவென்றால், 2014 கோடையில் அது அட்லான்டிக்கைக் கடந்து இங்கே வந்து எங்களுடையதோடு சேர்ந்து பறந்தபோது, வேலிக்கு வெளியே மூன்று மணி நேரம் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். உள்ளூர்ப் பற்று நினைவாற்றலைத் தின்றுவிடுகிறது. அந்தத் தாக்குதலில் பறந்தவர்களில் ஏறக்குறைய 30 பேர் கனடியர்கள் என்பதையும் அவர் நினைவூட்டினார்.

மே 27, இரவு 10.00

ஸ்காம்ப்டன் இப்போது எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு: விமானப்படை வெளியேறிவிட்டது. புகலிடம் கோரி வந்தவர்களை அங்கே தங்கவைக்கப்போவதாக அரசு 2023 மார்ச் மாதம் அறிவித்தது. உள்ளூர் மாவட்ட மன்றம் நீதிமன்றம் போயிற்று. கிப்சனின் அலுவலகம் இருந்த தளத்தில் அகதிகளா என்று சிலர் கொதிக்கிறார்கள். பாரம்பரியக் கட்டடங்களும் ஓடுதளமும் பாழாகும் என்ற கவலை வேறு, அது நியாயமானது. இரண்டையும் ஒரே வாயால் பேசுபவர்களிடம், எது உங்கள் உண்மையான கவலை என்று கேட்கத் தோன்றுகிறது. நான் விசாவில் வந்தவன் என்பதால் கேட்காமல் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 7, இரவு 11.50

நேற்று உக்ரைனில் தினிப்ரோ ஆற்றின் ககோவ்கா அணை உடைந்தது. மருத்துவமனையின் ஓய்வறைத் தொலைக்காட்சியில் கேர்சோன் பக்கத்து ஊர்கள் மூழ்குவதைக் காட்டினார்கள். கூரைமேல் ஒரு மூதாட்டி, பக்கத்தில் ஒரு நாய். என்னோடு பணிபுரியும் பெண், லிங்கன்ஷயர்க்காரி, தாத்தா குண்டுவீச்சுப் படையில் இருந்தவர், திரையைப் பார்த்தபடியே "நாமும் இதைச் செய்திருக்கிறோம்" என்றாள். குற்றம் சாட்டும் குரலில் அவள் சொல்லவில்லை. ஒரு நோயாளியின் பழைய அறுவைசிகிச்சையை நினைவுபடுத்துவதைப் போலச் சொன்னாள்.

நெய்ஹைமைப் பற்றி நான் அவளிடம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பெண்கள் எந்த நாட்டவர் என்று கேட்டாள். சொன்னேன். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. மாத்திரை வண்டி காத்திருந்தது.

ஜூன் 11, மாலை 3.00

கேள்வியைத் தொடங்கிய நண்பர், அடுத்த மே மாதம் தாமே நேரில் வந்து பார்ப்பதாக எழுதியிருக்கிறார். வாருங்கள். வுட்ஹால் ஸ்பாவுக்கு ரயில் கிடையாது. லிங்கனிலிருந்து பேருந்துதான், ஞாயிற்றுக்கிழமையை நம்பி வராதீர்கள். பெட்வுட்டில் அறை வேண்டுமானால் இப்போதே கேளுங்கள். மே மாதம்தானே என்று மெல்லிய சட்டையோடு வந்துவிடவேண்டாம். 2011இல் நான் அப்படித்தான் போய், முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் தம் மடிக் கம்பளியைக் கழற்றி என்னிடம் நீட்ட, வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிப் போர்த்திக்கொண்டு நின்றேன். என் வீட்டில் அறை உண்டு. பேராலயத்துக்கு முதலில் போவோம். நெய்ஹைமுக்காக என்ன செய்யலாம் என்பதை வழியில் பேசிக்கொள்ளலாம்.